நாக்குக்கு அடியில் மாத்திரை

மனநல வார்டில், மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருந்தார் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர்.

சிஸ்டர் திட்டவில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே நிற்காமல், ஒரு கை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வாசலை மறைக்கவில்லை.

"சேட்டா, இது போட்டா உடம்புக்கு என்ன செய்யுது?" மலையாளம் கலந்த தமிழ்.

"காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா."

அதுதான் விஷயம். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளால் இப்படி இருப்புக்கொள்ளாமல் போகும். நோய் முற்றிவிட்டது என்று தப்பாக நினைத்து டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். டாக்டர் காதுக்குப் போனால் டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், இந்தத் தவிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரையைச் சேர்க்கலாம். கேட்டால்தானே தெரியும்!

காதில் குரல் கேட்கிறது என்பவரிடமும் இப்படித்தான். "அப்படி எதுவும் இல்லை" என்று வாதாடக் கூடாது, "ஆமாம்" என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்குக் கேட்கல, ஆனா உங்களுக்குப் பயமா இருக்கும்னு புரியுது." இது போதும்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. அப்படியானால் பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் இப்படிப் பக்கத்தில் உட்கார நேரம் வேண்டுமே. மருந்து, ஊசி, ரெஜிஸ்டர் எல்லாம் ஒரே ஆள் தலையில் என்றால் யாரால் முடியும்? இரவு ஷிஃப்டுக்கு இன்னொரு சிஸ்டரைப் போடுங்கள்.