பருத்தியை நம்பிய போர்: நாட்குறிப்பு

ஜனவரி 12

ஒரு வாரமாக அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கிறேன். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் 1861 முதல் 1865 வரை நடந்த போர். போர்க்களங்களைவிட அதன் கணக்குகள்தான் என்னை விடமாட்டேன் என்கின்றன. 1860இல் அந்நாட்டு ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. தெற்கே ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். அந்தப் பருத்தியில் பெரும்பகுதி அவர்கள் கைபட்டு வந்தது. ஆலைகளும் இரும்பும் வடக்கில். ரயில் பாதை அங்கே சுமார் 22,000 மைல், தெற்கில் 9,000. தெற்கில் தண்டவாள அகலம்கூட ஒன்றுபோல் இல்லை. படைக்குப் போகும் சரக்கை வழியில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும்.

அம்மா கரிசலில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். காய்ந்த ஓட்டின் முனை நகக்கண்ணைக் கிழித்திருக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். சாட்டைக்குப் பயந்து எடுத்தவர்களின் விரல்கள் எப்படி இருந்திருக்கும்?

ஜனவரி 14

1861இல் தெற்கத்தியர் பருத்தியை அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். பருத்தி இல்லாமல் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள் பட்டினி கிடந்தால் பிரிட்டன் தங்கள் பக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. முந்தைய அறுவடையே அங்கே கிடங்குகளில் நிறைந்து கிடந்தது! வடக்கின் கடல் முற்றுகை இறுகுவதற்குள் விற்றுத் துப்பாக்கி வாங்கியிருக்க வேண்டும். பிறகு பிரிட்டன் எகிப்தையும் இந்தியாவையும் நாடியது. எங்கள் திருநெல்வேலிப் பருத்திக்கும் அப்போது விலை ஏறியது.

ஜனவரி 15

கடற்கரையை அடைத்து, மிசிசிப்பி ஆற்றைப் பிடித்து, தெற்கை நெரிப்பது வடக்கின் முதிய தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் திட்டம். 'அனகோண்டா' என்று பத்திரிகைகள் கேலி பேசின. 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். ஜூலை 4 அன்று, 47 நாள் முற்றுகைக்குப் பின், மிசிசிப்பிக் கரையில் தெற்கின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க் வடக்கின் தளபதி கிராண்டிடம் பணிந்தது.

ஜனவரி 18

இன்று அம்மாவுக்கு ராபர்ட் ஸ்மால்ஸின் கதையை வாசித்துக் காட்டினேன். அடிமையாகப் பிறந்த மாலுமி. பருத்தி சுமந்த 'பிளாண்டர்' என்ற நீராவிக் கப்பலில் தெற்குப் படை பீரங்கிகளை ஏற்றியிருந்தது. 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரம், கப்பலைத் தெற்கின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளப்பினார். கேப்டனின் தொப்பியை அணிந்துகொண்டு, கோட்டைக்குரிய ஊதல் சைகையைத் தவறாமல் கொடுத்துக் கடந்தார். எதிரே வடக்கின் முற்றுகைக் கப்பல் சுடத் தயாரானபோது, சரணடைவதைக் காட்டக் கொடிக்குப் பதில் ஏற்றியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு அவர்கள் கண்ணில் பட்டது.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "பெண்டாட்டி பிள்ளைகள்?"

கப்பலில்தான் இருந்தார்கள் என்றேன். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.