பில் போடும் விரல்கள்

கர்ப்பப் பதிவுக்கு வரும் பெண்ணிடம் "என்ன வேலைம்மா?" என்று கேட்டால், "கடையில பில் போடுறேன் சிஸ்டர்" என்பார். பெரும்பாலும் பேச்சு அதோடு மாத்திரைக்குப் போய்விடும். போகக் கூடாது.

பில் ரோலை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் தெர்மல் காகிதம். இதில் மை இல்லை. சூட்டில் எழுத்து தெரிவதற்காகப் பல ரோல்களில் பிஸ்பீனால்-ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருளைப் பூசுகிறார்கள். பாலிகார்பனேட் தண்ணீர் கேனில் அது பிளாஸ்டிக்கோடு பிணைந்திருக்கும். காகிதத்திலோ தனியாகவே இருப்பதால் விரலில் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தின் எடையில் அது சுமார் 1 முதல் 2 சதவீதம். ஒரு கிராம் காகிதத்தில் 10 முதல் 20 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் 0.02 சதவீதம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. 'பிபிஏ இல்லை' என்று அச்சிட்ட ரோலிலும் பல நேரம் அதன் பங்காளி பிஸ்பீனால்-எஸ் இருக்கும்.

வயிற்றுக்குள் போவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடனே மாற்றி முடக்கிவிடும். தோல் வழியாகப் போவது அந்தக் காவலைத் தாண்டி நேரே ரத்தத்தில் சேர்கிறது, நஞ்சுக்கொடியையும் கடக்கும். சிசுவின் தைராய்டு 12 வாரத்துக்கு மேல்தான் மெல்லச் சுரக்கத் தொடங்கும். அதுவரை மூளை வளர்ச்சிக்குத் தாயின் சுரப்புதான் கதி. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்போல் நடிக்கும், தைராய்டிலும் குறுக்கிடக்கூடிய இந்தப் பொருளை அந்த வாரங்களில் குறைக்கச் சொல்கிறோம். இதனால் இந்தக் குழந்தைக்கு இன்ன குறை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பயந்து நிற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டாம். சிறுநீரில் அளவு வேளைக்கு வேளை ஏறி இறங்கும் பொருள் அது; ஒரு மாதிரியை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கவுன்ட்டரில் நடக்கும் பெரிய தவறு சானிட்டைசர். ஈரம் காயாத கையோடு பில்லைப் பிடித்தால் தோல் பல மடங்கு உறிஞ்சும். கை க்ரீமும் அப்படியே. நாக்கில் விரலைத் தொட்டுக் காகிதம் பிரிக்கும் பழக்கத்தை அன்றைக்கே விடச் சொல்ல வேண்டும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்கட்டும். 2014-இல் வந்த ஓர் ஆய்வில் 24 பேர் இரண்டு மணி நேரம் பில்களைக் கையாண்டார்கள். வெறுங்கையில் சிறுநீரில் அளவு ஏறியது, நைட்ரைல் கையுறையோடு குறிப்பிடும்படி ஏறவில்லை. வினைல் உறை வேண்டாம், அதிலேயே பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டு என்ற வேதிப்பொருள் இருக்கலாம். வியர்த்தால் கழற்றி மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.

வேலை மாற்றிக் கேட்கச் சொல்லும்போது கவனம். "கவுன்ட்டர் வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மூட்டை தூக்கும் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். துணி மடிப்பது என்பதுபோல் வேலையின் பெயரையே சீட்டில் எழுதுங்கள்.