அலங்காரக் கத்தானாவுக்குப் பிடி கட்டியது: 13 கட்டம், 52 காகித முக்கோணம்

ஜப்பானிய வாளான கத்தானாவின் பிடியில் நாடா குறுக்கே பின்னி உண்டாக்கும் வைர வடிவக் கட்டங்கள் இவை. இரண்டு பக்கமும் 13 கட்டம், எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றன. கட்டைவிரலால் எந்தப் பின்னலைத் தள்ளினாலும் அசைவில்லை. சுவரில் மாட்டுகிற வாளில் இதெல்லாம் சாத்தியமில்லை என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து பார்க்கலாம்.

வாள் சாதாரணச் சரக்குதான். கூர் போடாத ஸ்டெயின்லெஸ் அலகு, துத்தநாகக் கலவையில் வார்த்த ட்சுபா (கைக்காப்புத் தகடு), கறுப்பு நைலான் நாடா. பிடிக்குள் போகும் வால் தட்டையானது, ஆனால் பாதி நீளம்கூட இல்லை. பல மலிவு வாள்களில் அந்தத் தட்டை வாலும் கிடையாது. அலகின் அடியில் மரை போட்ட கம்பியைப் பற்றவைத்து நட்டு முடுக்கியிருப்பார்கள். பிடியைக் கழற்றும்போது அப்படி ஒரு கம்பியைக் கண்டால் அந்த வாளை வீசிப் பார்க்கும் ஆசையை அன்றோடு விட்டுவிட வேண்டும். பற்றவைத்த இடம் விட்டால் அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல பிடி கட்டினால் வாள் பலமாகிவிடாது. இது பார்வைக்கான வேலை.

தொழிற்சாலைக் கட்டை அவிழ்த்தால் உள்ளே காகிதமே இல்லை. நாடாவுக்கு அடியில் பசையைப் பூசி இழுத்துச் சுற்றியிருக்கிறார்கள். திருக்கைத் தோல் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை. அதைவிட எரிச்சல் என்னவென்றால், எல்லாப் பின்னலிலும் இடது நாடாதான் மேலே. அப்படிக் கட்டினால் மேலே இருக்கும் நாடா எப்போதும் தளர்வாகவும் கீழே இருப்பது எப்போதும் இறுக்கமாகவும் போகும். நாலைந்து கட்டம் தாண்டியதும் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். சரியான முறையில் ஒரு பின்னலில் இடது மேலே என்றால் அடுத்ததில் வலது மேலே. ஒரு கத்தானா எப்படிப்பட்ட கையில் கட்டப்பட்டது என்று அறிய இந்த மாறி மாறி வரும் வரிசையைப் பார்த்தாலே போதும். அலகை உருவவே வேண்டாம்.

அளவுக் கணக்கு இப்படி. நாடா அகலம் 8 மி.மீ. பிடியின் ஓரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு சுற்று இடைவெளியில்லாமல் ஒட்டி உட்காரும், ஆக ஒரு கட்டத்துக்கு 16 மி.மீ. ஃபுச்சிக்கும் (ட்சுபா பக்கத்து வளையம்) கஷிராவுக்கும் (பிடி முனையின் மூடி) நடுவே 208 மி.மீ. இருந்தால் 13 கட்டம் சரியாக வரும். இரண்டு மூன்று மி.மீ. மிஞ்சினால் எல்லாக் கட்டத்துக்கும் பங்கிட்டு விட வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலையில் கட்டினால் அது மட்டும் நீண்டு கண்ணை உறுத்தும். பிடியின் சுற்றளவு சுமார் 10 செ.மீ., சாய்வாகப் போவதால் ஒரு சுற்றுக்கு 11 என்று வையுங்கள். இரண்டு இழைக்கும் சேர்த்து 286 செ.மீ. முறுக்குக்கும் முடிச்சுக்கும் இழுத்துப் பிடிக்கவும் சேர்த்து 4 மீட்டர் வெட்டுவது உத்தமம். மூன்றரை மீட்டரில் முடிக்கலாம் என்பவர்கள் கஷிராவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

இனி ஹிஷிகாமி. பிடி கட்டுவதில் பாதி வேலை இந்தக் காகித முக்கோணங்கள்தான். நாடா முறுக்கிக்கொண்டு நடுவில் எழும்பும்போது அதன் இரு கைகளுக்கும் அடியில் ஆதாரம் வேண்டும். அது இல்லையென்றால் கட்டத்தின் ஓரம் தொங்கிவிடும், நாளடைவில் நாடா பக்கவாட்டில் வழுக்கும். ஒரு பின்னலுக்கு ஒரு பக்கம் 2, இரு பக்கமும் 4, ஆக 13 கட்டத்துக்கு 52. மெனுகி (நாடாவுக்கு அடியில் வைக்கும் சிறு உலோக உரு) உட்காரும் இடங்களில் பாதித் தடிமன் போதும். எல்லாவற்றையும் முதலிலேயே மடித்துத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் நாடாவைத் தொட வேண்டும். ஒரு கையால் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் காகிதம் மடிக்க முடியாது.

மடிப்பு இப்படி: 9 மி.மீ. அகலம், 6 செ.மீ. நீளம் கொண்ட பட்டையை வெட்டி, நுனியை 45 பாகையில் மடித்து, சமோசாவுக்கு மாவுப் பட்டையை மடிப்பதுபோல முக்கோணத்தின் மேல் முக்கோணமாகவே கொண்டு போக வேண்டும். சாதாரணத் தடிமன் காகிதத்தில் 13 அடுக்கு வரும், அழுத்தினால் ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கும். பிடிக்கு இடுப்பு உண்டு அல்லவா, நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகலும். அதனால் நடுவிலுள்ள நாலைந்து கட்டங்களுக்குப் பட்டையை 8 மி.மீ.ஆகக் குறைக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில் போட்டால் இடுப்பு மறைந்து பிடி உருளைக்கட்டை ஆகிவிடும்.

காகிதம் எது என்பதில் சமரசம் கூடாது. வாஷி என்ற ஜப்பானியக் காகிதம் கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் பருத்தி நாரில் செய்த கைக்காகிதம், அதுவும் இல்லையென்றால் பழுப்பு உறைக் காகிதம். பத்திரிகையின் பளபளப்புத் தாள் வழுக்கும், டிஷ்யூ நசுங்கிப் போகும். முக்கோணத்தின் நீண்ட பக்கம் கட்டத்தின் சாய்வுக் கோட்டோடு ஒத்துப் போக வேண்டும், எந்த மூலையும் நாடாவுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. இடத்தில் நிற்பதற்கு ஒரு துளி சோற்றுப் பசை போதும். ஜப்பானில் வாள் உறையின் இரண்டு பாதிகளை ஒட்டுவதும் சோற்றுப் பசையில்தான். உள்ளே சுத்தம் செய்ய வேண்டி வந்தால் மரம் கிழியாமல் பிரித்துவிடலாம். சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள். நாடாவுக்குள் ஊறி, காய்ந்ததும் கண்ணாடி போலக் கறை விழும், அதை எடுக்க வழியே இல்லை.

இழுவையைப் பற்றி ஒரு குறிப்பு. ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் ஒரு கவ்வி போட்டுவிட்டு, பிடியைத் திருப்பி மறுபக்கத்தின் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். நடுக்கோடும் 16 மி.மீ. குறிகளும் தோலின் மேல் ஒட்டிய மெல்லிய டேப்பில் பென்சிலால் போட்டிருந்தால் பிசகு உடனே தெரியும். ஓரத்தில் இரண்டு சுற்றுக்கு நடுவே மரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி அவிழ்க்க வேண்டும். பிறகு தள்ளிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

வடிவமைப்புக்கு வருவோம். எடுத்துக்கொண்டது தட்டான்பூச்சி. போர்வீரர்களுக்குப் பிடித்த உரு, தலைக்கவசத்திலும் வைத்திருக்கிறார்கள். முன்னால்தான் பறக்கும், பின்வாங்காது என்பதால் வெற்றிப் பூச்சி என்று பெயர். (தட்டான் பின்னாலும் பறக்கக்கூடியது. அதைச் சாமுராயிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்?) ட்சுபாவில் தட்டான் என்பதால் மெனுகிக்கு ஒமொதாகா செடி. நீரோரத்தில் வளரும், இலை அம்புமுனை வடிவில் இருக்கும், அதற்கும் வெற்றிப் பெயர் உண்டு. பூச்சி, செடி, தண்ணீர் என்று ஒரே காட்சிக்குள் அடங்கிவிடுகிறது.

கடைச் சரக்கு சறுக்குவது இந்த இடத்தில்தான். ட்சுபாவில் தோகுகாவா குடும்பத்தின் மூவிலை முத்திரை, ஃபுச்சியில் அரச குடும்பத்தின் 16 இதழ் சாமந்தி, மெனுகியில் டிராகன், உறையில் செர்ரிப் பூ. தனித்தனியே எல்லாம் அழகுதான். ஒரே வாளில் சேர்த்தால் யாருடைய வாள் என்றே புரியாது. சிங்கத்துக்குப் பியோனிப் பூ, டிராகனுக்கு மேகம் அல்லது அலை, பைனோடு மூங்கிலும் பிளம் பூவும் என்று காலங்காலமாகப் பழகிய ஜோடிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே பாதிப் பிழை போய்விடும்.

அடுத்த பிழை தலைகீழ். கத்தானாவை இடுப்பில் செருகுவதும் தாங்கியில் வைப்பதும் கூர்ப்பக்கம் மேலே இருக்கத்தான். ஆகவே ட்சுபா, ஃபுச்சி, மெனுகி எல்லாவற்றிலும் உருவங்கள் அந்த நிலையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். ட்சுபாவின் நல்ல முகம் பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், அலகைப் பார்த்து அல்ல. மெனுகி இரண்டும் எதிரெதிரே உட்காராது. வெளிப்பக்கத்து மெனுகி ஃபுச்சிக்கு அருகில், உடல் பக்கத்தது கஷிராவுக்கு அருகில்; பிடிக்கும்போது இரண்டும் விரல்களுக்குள் வரும். யாக்யு வாள்வித்தைப் பள்ளியின் பாணிப் பிடியில் இது நேர்மாறு, மெனுகி உள்ளங்கையில் படும். யாக்யு பாணி என்று தெரிந்து மாற்றினால் சரி. தெரியாமல் மாற்றிவிட்டு யாக்யு என்று சமாளிப்பவர்களும் உண்டு.

சாமான் பற்றி. நைலான் நாடாவை விட்டுவிட்டுப் பருத்திக்கு வந்ததே இந்தக் கட்டம் நின்றதற்குப் பெரிய காரணம். நைலான் முறுக்கிய இடத்தில் நிற்காமல் திரும்பிக்கொள்ளும். பட்டு இன்னும் நன்றாக நிற்கும், ஆனால் விலையைக் கேட்டால் மொத்த வாளையும் தாண்டும். ‘செயற்கைப் பட்டு’ என்று இணையத்தில் விற்பதில் பாதி பாலியெஸ்டர். நுனியில் ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், உருகிச் சொட்டினால் திருப்பி அனுப்புங்கள். திருக்கைத் தோலை முழுச் சுற்றாக வாங்கினால் பெரிய மணிகள் வெளிப்பக்கத்தில் கஷிரா முனைக்கு வருமாறு வைத்து, இணைப்பை உடல் பக்கத்தின் நடுவில் விட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பான் இந்தத் தோலை சயாமிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கியிருக்கிறது. பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்த பிறகு அந்தச் செலவின் அர்த்தம் புரிகிறது.

ட்சுபா ஆட்டம் இன்னும் தீரவில்லை. வார்ப்பில் வால் நுழையும் துளை பெரிதாக இருக்கிறது. பசை வேண்டாம், 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் கூடுதலாக ஒரு செப்பா (ட்சுபாவை ஒட்டி வைக்கும் இடைத்தகடு) வெட்டினால் முன்பின் ஆட்டம் நிற்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்குத் துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டு அடித்து இறுக்குவது பழைய வழி. ஆனால் அதற்கு ட்சுபா இரும்பாகவோ செம்பாகவோ இருக்க வேண்டும், துத்தநாகக் கலவை அடி தாங்காமல் விரியும். ஷகுதோ மாதிரி கருநீலக் கறுப்பு வேண்டும் என்று இதை ரொகுஷோ என்ற நிறமேற்றும் கரைசலில் போட்டும் பயனில்லை. ஷகுதோ என்பது சில சதவீதம் தங்கம் கலந்த செம்பு. ரொகுஷோ செம்பிலும் செம்புக் கலவையிலும்தான் நிறமேற்றும், கருநீலக் கறுப்புக்கு அந்தத் தங்கமும் வேண்டும். அதனால் 4 மி.மீ. செம்புத் தகட்டில் மொக்கோ வடிவத்தில், நாலு இதழாக, 75 மி.மீ. உயரத்தில் புதிதாக அறுப்பதாகத் திட்டம். தட்டானின் இறக்கைகளை ஊடறுப்பாக விட்டுவிட்டு உடலை மட்டும் செதுக்கலாம். 1876-இல் வாள் அணியத் தடை வருவதற்கு முன் ட்சுபா செய்துவந்த உலோகக் கலைஞர்கள் எவ்வளவு நுணுக்கமான கைக்காரர்கள் என்பதற்கு கானோ நட்சுவோவைச் சொல்லலாம். வாள் அணிகலன் செய்த அதே கை மெய்ஜி நாணயங்களுக்கும் உரு வரைந்தது. அந்த உயரம் நமக்கு எட்டாது. இறக்கை நரம்பு உடையாமல் வந்தாலே பெரிய விஷயம்.

அலகில் அமிலத்தால் பொறித்த டிராகன் வேறு இருக்கிறது, வாளைச் சுற்றிய குரிகரா. அது பௌத்தக் காவல் தெய்வமான ஃபுடோ மியோவின் அடையாளம். நம் பக்கத்துப் பெயரில் அசலநாதர். அதன் கீழே சித்தம் எழுத்தில் அவருக்குரிய பீஜாட்சரம் ஹாம் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன எழுத்து அது, பிராமியின் வழித்தோன்றல். இதில் இருப்பதோ எழுத்தே அல்ல, ஏதோ கிறுக்கல். அதைத் தேய்த்து எடுப்பதா, மேலேயே திருத்துவதா என்பது உறைக்கு அரக்குப் பூசிய பிறகு.

அதற்கு முன்னால் கஷிரா முடிச்சு. இப்போது இரண்டு நுனியும் கவ்வியில் தொங்குகின்றன. நுனி 3 செ.மீ.க்கு மெழுகேற்றிக் கூராக்கினால்தான் கஷிராவின் துளையில் நுழையும். உள்ளே போன நாடாவைக் கடைசிப் பின்னலின் அடியில் விட்டு இழுக்க வளைந்த முனையுள்ள இடுக்கி வேண்டும். நேர் இடுக்கி ஹிஷிகாமியைக் கலைத்துவிடும். முடிச்சு விழுந்ததும் மிச்சத்தை ஒட்ட வெட்டாமல் 5 மி.மீ. விட்டு, மூங்கில் குச்சியால் நாடாவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும்.