தீ சிமுலேஷன் படிக்கப் போகிறவர்களுக்கு: என் முதல் எஃப்டிஎஸ் புராஜெக்ட்

தீயும் புகையும் பரவுவதைக் கணக்கிடும் மென்பொருள் எஃப்டிஎஸ்; அதன் முடிவுகளைப் படமாகக் காட்டுவது ஸ்மோக்வியூ. அந்த ஸ்மோக்வியூ திரையில் கரும்புகை கூரையைத் தொட்டு, சுவரோரமாக இறங்கி வந்ததைப் பார்த்தபோது, முதுகலை புராஜெக்டே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வழிகாட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "செல் அளவை எப்படி முடிவு செய்தாய்?" கணக்கிடுவதற்காக அறையைப் பிரிக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் செல்கள். என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். தீயின் வெப்ப வெளியீட்டு வீதத்தை (ஒரு நொடியில் வெளிவரும் வெப்பம்) வைத்து, அந்தத் தீக்குரிய விட்டம் ஒன்றைக் கணக்கிடலாம். 1 மெகாவாட் தீக்கு அது ஏறத்தாழ 0.96 மீட்டர். அதைச் செல் அளவால் வகுத்தால் 4 முதல் 16 வரை வருவதுதான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரம்பு. நான் வைத்திருந்தது 25 செ.மீ. செல், வகுத்தால் 4 கூடத் தேறவில்லை. அப்புறம் செல்லைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறதா என்று பார்க்க, 20, 10, 5 செ.மீ. என்று மூன்று முறை ஓட்டி, கூரையடி வெப்பநிலையை ஒப்பிட்டேன். செல்லைப் பாதியாக்கினால் செல்களின் எண்ணிக்கை 8 மடங்காகும், நேரப்படியும் பாதியாகச் சுருங்கும். கணினி ஓடும் நேரம் கிட்டத்தட்ட 16 மடங்கு. புராஜெக்ட் அட்டவணையில் இதற்கு வாரக்கணக்கில் இடம் விடுங்கள்.

அடுத்த தவறு இன்னும் மோசம். எல்லையில் எதுவும் சொல்லாமல் விட்டால் எஃப்டிஎஸ் அதைச் சுவராகவே எடுத்துக்கொள்ளும். கதவு இருந்த பக்கத்தில் 'ஓப்பன்' வென்ட் (காற்று போய்வரும் திறப்பு) கொடுக்க மறந்துவிட்டேன். அறை மூடிய பெட்டியானது. ஆக்சிஜன் தீர்ந்து தீ அணைந்தது. திரையில் புகை நிறைந்து தெரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெப்ப வெளியீட்டு வீதம் பதிவாகும் சிஎஸ்வி கோப்பைத் திறந்த பிறகுதான் புரிந்தது. வேகமாக வளரும் டி-ஸ்கொயர் தீ (நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் தீ) 150 நொடியில் சுமார் 1055 கிலோவாட்டை எட்ட வேண்டும். என் கோடு பாதியிலேயே சரிந்திருந்தது. இப்போதெல்லாம் அந்தக் கோப்பைப் பார்க்காமல் ஸ்மோக்வியூவைத் திறப்பதில்லை. கதவுக்கு வெளியேயும் ஒன்றிரண்டு மீட்டர் மெஷ்ஷை (செல்கள் அடங்கிய கணக்கீட்டுப் பகுதியை) நீட்டிவிடுகிறேன்.

வைவாவில் பார்வைத்தூரம் (புகைக்குள் ஒரு பலகை எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரியும் என்பது) பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஒளியைப் பிரதிபலிக்கும் பலகைக்கு 3-ஐயும், தானே ஒளிரும் பலகைக்கு 8-ஐயும் ஒளிமறைப்புக் குணகத்தால் (புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண்) வகுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குணகமே நீங்கள் கொடுக்கும் புகைக்கரி அளவை (எரியும் எரிபொருளில் எவ்வளவு கரியாகும் என்பதை) பொறுத்தது. அதை எஃப்டிஎஸ் தானாகக் கண்டுபிடித்துக் கொடுக்காது. மரத்துக்கும் பாலியூரித்தேன் நுரைக்கும் அது பல மடங்கு வேறுபடும். எந்த எரிபொருளுக்கு எந்த எண், அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை ஓட்டத் தொடங்கும் நாளிலேயே குறித்து வையுங்கள்.