"இன்னா தண்டையார்பேட்டை, நடக்குற?" – ஹாஃப் ட்ரையத்லானில் எனக்கு வேலை செய்த வார்த்தைகள்

போன வருஷம் கோவாவில் நான்கு நிமிடத் தாமதத்தால் போட்டியைக் கோட்டைவிட்டேன். இந்த வருஷம் 8 மணி 7 நிமிடத்தில் முடித்துவிட்டேன், மெடல் இப்போது பிள்ளையார் படத்தின் மேல் தொங்குகிறது, அம்மாவின் வேலை. என்ன ஷூ, எந்த சைக்கிள், எவ்வளவு செலவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லியாகிவிட்டது. இங்கே எழுத வந்தது வேறு விஷயம். எட்டு மணி நேரம் தன்னந்தனியாக உடம்போடு மல்லுக்கட்டும்போது எந்தப் பேச்சு உள்ளே இறங்கி வேலை செய்கிறது, எது காதோடு போய்விடுகிறது என்று ஒரு வருஷமாக மகளின் பழைய கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அதிலிருந்து கொஞ்சம்.

தெரியாதவர்களுக்கு: 1.9 கி.மீ. கடலில் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். மைல் கணக்கில் கூட்டினால் 70.3, போட்டியின் பெயரும் அதுதான்: அயர்ன்மேன் 70.3. முழு தூரம் இதைப்போல இரண்டு மடங்கு. கோவாவில் 2019-ல் மிராமர் கடற்கரையில் முதல்முறை நடந்தது. நான் போன இரண்டு தடவையும் நேர வரம்பு இதுதான்: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிளை முடிக்கத் தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரம், மொத்தத்துக்கு எட்டரை. போன வருஷம் சைக்கிளோடு உள்ளே வந்தபோது என் கணக்கு 5 மணி 34 நிமிடம்.

அந்த முதல் தடவைக்கு நான் 'இன்ஸ்பிரேஷன்' என்று மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருந்தேன். 1982-ல் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மாஸ் கடைசி சில மீட்டரில் கால் மடங்கி விழுந்து, பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போன பிறகும் தவழ்ந்தே கோட்டைத் தொட்ட வீடியோ. இருவருக்கும் 29 நொடிதான் வித்தியாசம். மூளை முடக்குவாதம் வந்த மகன் ரிக் ஹோய்ட்டை ரப்பர் படகில் வைத்து நீந்தி இழுத்து, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மிதித்து, நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடி முடித்த டிக் ஹோய்ட். 49 வயதில் சூரிச்சில் முழு தூரத்தையும் முடித்த மிலிந்த் சோமன். ராத்திரி பார்த்தால் கண் கலங்கும், காலை நாலு மணிக்கு அலாரமே இல்லாமல் எழுவேன். ஆனால் 60-வது கிலோமீட்டரில் எதிர்க்காற்றில் தொடை கல்லாகி நின்றபோது ஜூலி மாஸை நினைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இருநூறு மீட்டர் தாங்கியது. அப்புறம் "அந்தப் பொண்ணுக்கு இருபத்துமூணு வயசு, நமக்கு நாற்பத்தொண்ணு" என்று மனசு வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது.

திரும்பி வந்து இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. காசிமேட்டில் இருக்கும் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், இப்போது முட்டி வலி, வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை சிக்கெடுப்பதோடு சரி. நான் கட்டிய பணத்தைக் கேட்டு, "காசு குட்த்து மூச்சு வாங்கப் போனியா?" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, நீச்சலுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனேன், வாட்ச் 2.3 கிலோமீட்டர் காட்டியது என்றேன். "பக்கத்துல போறவன பாத்து நீந்தியிருப்ப. அவனும் உன்ன மாதிரி வழி தெரியாம போறவன். கரைல நகராத பொருளா ஒண்ண புட்ச்சுக்க. அது தெரிஞ்சா நீ ஒயுங்கா போற, தெரியலன்னா நின்னு பாரு. அவ்ளோதான்." நோட்டில் முதல் பக்கம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. நான் நீந்தக் கற்றதே காசிமேட்டுக் கடலில், ஆறு வயதில், கட்டுமரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. குப்பத்துப் பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துவோம், பேசிக்கொண்டே நீந்துவோம். போட்டிக்கு முகத்தைத் தண்ணீரில் புதைக்க வேண்டும் என்பதற்காக நாற்பது வயதில் மெரினா நீச்சல் குளத்தில் காசு கட்டிப் பழையதை மறந்தேன். கடலில் பழகுவதற்கோ நீலாங்கரை வரை போக வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை முழுக்கக் கல் கொட்டியிருக்கிறது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகு அங்கே முகத்தைப் புதைக்க யாருக்கு மனசு வரும். வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நீந்துகிறோம். சரி, அது தனிக் கதை.

ஓட்டத்துக்கு எனக்குக் கிடைத்தது மெட்ரோ தூண்கள். 2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயிலை நீட்டினார்கள் அல்லவா, டோல்கேட் பக்கம் மேலே ஏறிய பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலை நடுவில் தூண் தூணாகப் போகும். காலையில் அதன் ஓரமாக ஓடுவேன். பதினெட்டு கிலோமீட்டர் என்று நினைத்தால் தேரடி வருவதற்குள் மனசு விட்டுவிடும். ஐந்து தூண் ஓட்டம், ஒரு தூண் நடை. அவ்வளவுதான் கணக்கு. இதையே சைக்கிளுக்குச் செய்ய முடியவில்லை, மீஞ்சூரில் ஏறி வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலை அறுபது கிலோமீட்டருக்கு மேல், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிறு அங்கே பஞ்சராகி உட்கார்ந்திருந்தபோது ஒரு கன்டெய்னர் லாரிக்காரர் நிறுத்தினார். வண்டலூர் போய்த் திரும்பி வருகிறேன் என்றேன். "எதுக்கு?" "சும்மா, பயிற்சி." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வூட்ல எதுனா பிரச்சனையா சார்?" என்றார். அவர் கொடுத்த டீயும் அந்தக் கேள்வியும் அடுத்த முப்பது கிலோமீட்டருக்குப் போதுமானதாக இருந்தது, தனியாகச் சிரித்துக்கொண்டே மிதித்தேன். நோட்டில் இதையும் எழுதியிருக்கிறேன்: சிரிப்பு நன்றாக வேலை செய்கிறது.

வேலை செய்யாதவற்றின் பட்டியலில் முதலிடம் "இன்னும் கொஞ்சம்தான்!" போட்டியில் ஓரமாக நிற்கிற நூறு பேரில் எண்பது பேர் இதைத்தான் கத்துகிறார்கள், நல்ல மனசோடுதான். ஆனால் ஒன்பது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது அதைக் கேட்டால் கோபம்தான் வரும். "சூப்பர்", "கலக்குற" இதெல்லாம் வந்த வழியே போய்விடும். சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பாக்ஸிங் பழகுவார்கள், வாத்தியார் கயிற்றுக்கு வெளியே நின்று கத்துவதை வேடிக்கை பார்ப்போம். அவர் ஒருநாளும் "உன்னால முடியும்" என்று கத்திக் கேட்டதில்லை. "லெஃப்ட் கைய ஏத்து", "கால மாத்து", "மூச்ச வுடு." இவ்வளவுதான். அடி வாங்கிக்கொண்டிருப்பவனுக்குப் பாராட்டு புரியாது, உடனே செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொன்னால் புரியும். இது எனக்கு எழுதி வைத்த பிறகுதான் உறைத்தது.

2014-ல் வந்த ஓர் ஆய்வையும் படித்தேன், 24 பேரை சைக்கிளில் முடியாமல் போகும் வரை மிதிக்கவிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் இரண்டு வாரம் தனக்குத்தானே பேசிக்கொள்ளப் பழக்கினார்கள், எந்த நேரத்தில் எந்த வாக்கியம் என்று அவர்களே தேர்ந்தெடுத்து எழுதியது. மறுபடி மிதித்தபோது அவர்கள் தாங்கிய நேரம் 18 சதவீதம் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. நான் பிடித்துக்கொண்டது அந்த 'அவர்களே எழுதியது' என்பதைத்தான். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், வெளிவட்டச் சாலையில் வாயில் வரவே இல்லை. கடைசியில் நின்றது மூன்று: "தோள இறக்கு." "ஒரு மடக்கு." "இஸ்து புடி." மூன்றாவது, பெரியப்பா வலை இழுக்கும்போது சொல்வது.

சைக்கிளின் முன்கம்பியில் வெள்ளை டேப் ஒட்டி, மகளிடம் எழுதச் சொன்னேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 20 கி.மீ.க்கு "தண்ணி குடி". 40-க்கு "உப்பு உருளைக்கிழங்கு சாப்பிடு". 60-க்கு என்ன எழுதலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவளே எழுதிவிட்டாள்: "அப்பா போன தடவை இங்கதான் ஊத்திக்கிச்சு". மனைவி அழிக்கச் சொன்னாள், நான் விடவில்லை.

ஒரு விதியையும் சொல்லிவிட வேண்டும். போட்டியில் வெளியாட்கள் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கூடவே ஓடி வரக் கூடாது, இயர்போனும் கூடாது. ஓரத்தில் நின்று கத்தலாம், அவ்வளவுதான். 1978-ல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தபோது நேர்மாறாக இருந்தது, 15 பேர் கிளம்பினார்கள், ஒவ்வொருவரும் சோறு தண்ணிக்குத் தன் ஆட்களைத் தானே கூட்டி வர வேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீரைக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது கத்தல் மட்டும்தான் அனுமதி என்பதால் அந்தக் கத்தலைத் திட்டம் போட வேண்டியிருந்தது. மனைவியிடம் சொன்னேன்: "இன்னும் கொஞ்சம்தான்னு மட்டும் சொல்லாத. எவ்ளோ நேரம் இருக்கு, எவ்ளோ தூரம் இருக்கு, அத மட்டும் சொல்லு." "அதுக்கு நான் எதுக்கு, வாட்ச் இருக்கே" என்றாள். அந்த நிலையில் வாட்ச்சைப் பார்த்துக் கழித்தல் கணக்குப் போட வராது என்பது அவளுக்கு அப்போது தெரியாது, எனக்குத் தெரியும்.

போட்டி அன்று நீச்சலில் முந்நூறு மீட்டரில் யாரோ ஒருவர் காலால் கண்ணாடியைத் தட்டிவிட்டார், உப்புத் தண்ணீர் உள்ளே போய் மூச்சு திணறியது. மீட்புப் படகைப் பிடித்துக்கொண்டேன், அதில் தவறில்லை, பிடித்தபடி முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான். படகில் இருந்த பையன் எதுவும் தேற்றவில்லை, "ஏக், தோ, தீன்" என்று எண்ண ஆரம்பித்தான். நானும் அந்த எண்ணிக்கைக்கு மூச்சு விட்டேன். பத்து வந்ததும் கையை விட்டுவிட்டேன். திரும்பி வரும் வழியில் பெரியப்பா சொன்னபடி கரையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். 52 நிமிடம். சைக்கிளில் 60-வது கிலோமீட்டரில் மகளின் டேப்பைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பின்னால் வந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். 3 மணி 58 நிமிடம்.

ஓட்டம்தான் ஓட்டமாக இல்லை. கோவாவின் புழுக்கம் நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தங்கச்சி, பழகியதுதான் என்று நினைத்தேன், ஆனால் நான் பழகியது காலை ஐந்து மணிப் புழுக்கம், இது உச்சி வெயில். பத்தாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தேன், நடை நடையாகவே போய்விட்டது. பதினான்கில் மனைவி நின்றிருந்தாள். "எண்பது நிமிஷம். ஏழு கிலோமீட்டர்." அவ்வளவுதான் சொன்னாள். நான் நடந்துகொண்டிருந்த வேகம் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம். ஏழு பன்னிரண்டு எண்பத்துநாலு. மறுபடியும் அதே நான்கு நிமிடம்! அடிவயிற்றில் ஏதோ செய்தது, ஆனால் கால் கேட்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல். என் டிரை-சூட்டின் (மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஒரே உடை) முதுகில் தமிழில் 'தண்டையார்பேட்டை' என்று அச்சடித்திருந்தேன், தங்கசாலைப் பக்கம் ஒரு கடையில், சும்மா ஒரு கெத்துக்காக. "இன்னா தண்டையார்பேட்டை, நடக்குற?" திரும்பிப் பார்த்தால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, தொப்பிக்குள் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக ஓடி வருகிறார். வியாசர்பாடியில் பிறந்தவராம், இப்போது பெங்களூர். "கால் புடிக்குதுக்கா" என்றேன். "எல்லார்க்கும்தான் புடிக்குது. அந்த லைட் கம்பம் வரைக்கும் வா, அப்பால நட." போனேன். "இப்ப இன்னொரு கம்பம்." அது நம்முடைய மெட்ரோ தூண் கணக்கு! ஊரிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, யாரென்றே தெரியாத ஒருவர் என் நோட்டைப் படித்த மாதிரி சொல்கிறார். நாலைந்து கம்பம் சேர்ந்து ஓடினோம், போட்டியில் இருப்பவர்கள் சேர்ந்து ஓடலாம், தப்பில்லை. அப்புறம் அவர் முடிக்கிற பக்கம் பிரிந்தார், எனக்கு இன்னொரு சுற்று இருந்தது. போகும்போது திரும்பிப் பார்த்து, "மானத்த வாங்கிறாத" என்றார். கடைசி ஏழு கிலோமீட்டர் 57 நிமிடம். ஐந்து கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை.

முடித்த இடத்தில் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அடுத்து முழு தூரம் போகலாமா என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது, பேச்சு என்றால் நான் மட்டும் பேசுகிறேன். போன ஞாயிறு மெடலை எடுத்துக்கொண்டு காசிமேடு போனேன். பெரியப்பா கையில் வாங்கி எடை பார்த்தார், வெள்ளியா என்று கேட்கவில்லை, எத்தனாவது இடம் என்றும் கேட்கவில்லை. "கரைல இன்னாத்த அடையாளம் வெச்ச?" என்றார். ஒரு வெள்ளைக் கட்டடம், மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"தொட்டி நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டார்.