3.4 ஓம் பெட்டியும் சடங்கு அம்ப்பும்

கனடாவிலிருந்து அத்தான் அனுப்பிய ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் சோடி மட்டக்களப்பில், கல்லடி வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. 1967இல் வெளிவந்த மாடல். அடைத்த பெட்டி, பேஸுக்கு 12 அங்குல வூஃபர், பெட்டி ஒவ்வொன்றும் 24 கிலோ வரும். உள்ளே தூக்கி வைக்க வந்த மச்சான், "உள்ளுக்கு என்ன, கல்லா?" என்று கேட்டான்.

என்னிடமிருந்தது 8 ஓமுக்கு 50 வாட்ஸ் என்று பின்னால் எழுதியிருந்த பழைய அம்ப் (அம்ப்ளிஃபையர்). ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை; அது குறைந்தால் அம்ப் கூடுதல் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். நாதஸ்வரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. தவில் ஏறியதும் 'டிக்' என்று ரிலே, அதாவது சுமை கூடினால் ஸ்பீக்கரை வெட்டிவிடும் ஸ்விட்ச், விழுந்து சத்தம் நின்றது. குரலைக் கூட்டினால் திரும்பவும் 'டிக்'.

சரி, அளந்து பார்ப்போம் என்று 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கரோடு தொடராகக் கட்டி, போனில் ஒரு டோன் செயலியை ஓட்டி, மல்டிமீற்றரால் இரண்டின் மேலும் வோல்ட் பார்த்தேன். 120 ஹேர்ட்ஸில் ரெசிஸ்டரில் 1.00, ஸ்பீக்கரில் 0.34. ஆக, 3.4 ஓம். மலிவு மீற்றர்கள் மேல் சுருதிகளில் பிழையாகக் காட்டும். ஆனாலும் இரண்டு அளவும் ஒரே சுருதியில் என்பதால் விகிதம் தப்பாது. அம்ப்பில் எழுதியிருந்த 50 வாட்ஸுக்கு 20 வோல்ட் வேண்டும். 8 ஓமில் அது 2.5 ஆம்பியர், இந்தப் பெட்டியில் 5.9. அம்ப்பின் ட்ரான்ஸ்ஃபோமர் சின்னதென்றால் அவ்வளவுக்கு எங்கே போகும்? போதாக்குறைக்கு, இரவு ஏழு மணிக்கு வீட்டில் 208 வோல்ட்தான். 230இல் கிடைக்கும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு.

வயரிலும் என் பிழை இருந்தது. 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரை 8 மீற்றர் இழுத்திருந்தேன். போய்வரும் தூரத்துக்கு அரை ஓமுக்கு மேல். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு மாற்றியதும் 0.11 ஆகிவிட்டது. பேஸ் கொஞ்சம் இறுகியது. ரிலே மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

இடப் பெட்டியில் மேல் சத்தம் வந்து வந்து போனதற்கும் அம்ப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிழை பெட்டிக்குப் பின்னால், நடு, மேல் சத்தங்களைக் கூட்டிக் குறைக்க இருக்கும் இரண்டு லெவல் திருகிகளில். இந்த மாடலுக்கு இது பழைய வியாதி, கடற்கரை வீட்டில் கேட்கவே வேண்டாம். அதை எடுக்க வூஃபரைக் கழற்றி, கண்ணாடிப் பஞ்சை அள்ள வேண்டும். கையுறை இல்லாமல் அள்ளினேன், இரண்டு நாள் முழங்கை வரை அரிப்பு. திருகிக்குள் பச்சைக் களிம்பு. பொடி அரத்தாளால் தேய்த்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்ததும் சத்தம் நிலைத்தது.

அப்புறம் கோயில்களுக்கு சவுண்ட் செற் போடும் கூட்டாளியிடம் ஒரு பவர் அம்ப் கடன் வாங்கினேன். 4 ஓமுக்கு 300 வாட்ஸ், 2 ஓமுக்கும் தாங்கும். கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது: சத்தம் கூடவில்லை, தவிலின் தொப்பிப் பக்கம் அடி விழுந்த இடத்திலேயே நின்றது, பின்னால் இழுபடவில்லை. ரிலேயும் விழவில்லை. ஆனால் விசிறியின் இரைச்சல், வீணை மெல்ல இறங்கும் இடமெல்லாம் காதுக்குள் ஊதும். பக்கத்து அறைக்கு மாற்றி, சுவரில் ஓட்டை போட்டு வயர் எடுத்தேன். அம்மா இன்னும் அந்த ஓட்டையைப் பற்றிப் பேசுகிறா.

வைகாசி பிறந்ததும் கண்ணகை அம்மன் சடங்குகள் தொடங்கிவிட்டன. "அண்ணே, செற் வேணும்" என்று நேற்றுக் காலையே அந்தக் கூட்டாளி தன் அம்ப்பை எடுக்க ஓட்டோவோடு வந்து நின்றான். இன்றிரவு பழைய அம்ப்தான், மெதுவாக, தவில் இல்லாமல்.