முடிவுத் தேதி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆண்டுதோறும் ஆவணி மாதம் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருவார். கணவரின் திதியன்று முதியவர்களுக்குச் சாப்பாடு போடுவதற்கான பணத்தைக் கட்டிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தபோது, முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். முகவரியைப் படித்தவர் அதற்குக் கீழேயும் படித்தார். கணவரின் பெயர் ‘செயலில் இல்லாத உறவுகள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

“அவர் போய்விட்டார், சரி. நான் அவர் மனைவி இல்லை என்று எப்போது ஆயிற்று, அம்மா?”

குரலில் கோபமே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

செய்தது நான்தான். நன்கொடையாளர் விவரங்களைப் பதிந்துவைக்க நாங்கள் பயன்படுத்தும் சிவிசிஆர்எம் மென்பொருளில் ஒவ்வோர் உறவுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவர் கணவர் இறந்த தேதியை முடிவுத் தேதிக் கட்டத்தில் போட்டிருந்தேன். தேதி கடந்துவிட்டால் மென்பொருள் அந்த உறவைத் தானாகவே கீழே தள்ளிவிடும். இறந்தவரின் பக்கத்தில் ‘காலமானார்’ என்று குறிக்கத் தனி இடம் இருக்கிறது. தேதியையும் அங்கேயே எழுதலாம். அதைச் செய்தால் அவர் பெயருக்குக் கடிதம் போகாது, உறவும் இருந்த இடத்தில் இருக்கும். அன்று மாலை விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து, அதுபோல் முடித்துவைத்திருந்த எல்லா உறவுகளையும் திறந்து அந்தத் தேதிகளை எடுத்தேன். மணவிலக்குக்கு முடிவுத் தேதி போடலாம். சாவுக்குப் போடக்கூடாது.

திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு அறைகளில் நடக்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. மாலை வகுப்பு, முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை அரிசி, திதி நாட்களில் சாப்பாடு. 2004 டிசம்பர் 26 கடல் கோளுக்குப் பிறகு சேர்ந்த நன்கொடையாளர்கள் பாதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு வந்தவர்கள் மீதி. கணினி வருவதற்கு முன் எல்லாம் நீள நோட்டில் இருந்தது. அதை எழுதிய கணக்கு ஐயா ஓரத்தில் பென்சிலால் குறிப்பு வைத்திருப்பார். “டீச்சரின் தம்பி மகன். சித்தப்பா பேச்சை எடுக்கக்கூடாது.” “இவரும் முதுநகர்க்காரரும் சம்பந்திகள், ஒன்றாகவே கொடுப்பார்கள்.” “கடிதம் மருமகளுக்குப் போடவும், படிப்பது அவர்தான்.” நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போது பெயர், தொகை, தேதி மூன்றையும் ஏற்றிவிட்டுப் பென்சில் எழுத்தை விட்டுவிட்டோம். உண்மையான தரவு அங்கேதான் இருந்தது.

மென்பொருள் உறவை எப்படி வைத்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டு பேருக்கு நடுவில் ஒரே பதிவு. அதற்கு இரண்டு பக்கமும் பெயர். இவர் பக்கத்தில் ‘பிள்ளை’ என்றால் அவர் பக்கத்தில் ‘பெற்றோர்’ என்று தானே காட்டும். ஆனால் அது கொடுக்கும் பட்டியலில் உடன்பிறப்பு என்ற ஒரே சொல்தான். நம் வீட்டில் அண்ணன் வேறு, தம்பி வேறு; யாருக்கு முதலில் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. சம்பந்தி, சகலை, ஓரகத்தி எதுவும் அங்கே இல்லை. நல்ல வேளையாகப் புதிய உறவு வகைகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம், தமிழிலேயே. அக்கா என்றால் மறுபக்கம் தம்பியா தங்கையா என்று தெரிய வேண்டும், அதனால் அதற்கே இரண்டு வகை. சம்பந்திக்கு இரு பக்கமும் ஒரே சொல், எளிது. எங்கள் தெருவிலேயே தாய்மாமனை மணந்த ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கு மாமியாரும் பாட்டியும் ஒருவரே. கணவரை இன்றும் மாமா என்றுதான் சொல்கிறார். அவர்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு உறவுகளைப் பதிந்திருக்கிறேன், இரண்டும் உண்மை என்பதால்.

குடும்பத்தைப் பெயரால் பிடிக்க முடியாது என்பது அடுத்த பாடம். இந்த மென்பொருள்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பது இனிஷியல். ஒரே வாசலில் தாத்தாவுக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து, பிள்ளைகளுக்கு ஓர் எழுத்து, மருமகளுக்குப் பிறந்த வீட்டு எழுத்து. எங்கள் பட்டியலில் அந்தக் கட்டம் இயல்பாக நிரம்பியது புதுச்சேரியிலிருந்து கொடுக்கும் இரண்டு மூன்று வீடுகளுக்குத்தான். பிரெஞ்சு ஆட்சியில் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், வழிவழியாக வரும்படி ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். மற்ற எல்லோருக்கும் ‘இல்லம்’ என்று தனிப் பதிவு திறந்து, ஆட்களை அதில் ஒவ்வொருவராகச் சேர்த்தேன். இல்லத்தின் பெயர், அந்த வீட்டை நாங்கள் வாயால் எப்படிச் சொல்வோமோ அதுவே: ‘மஞ்சக்குப்பம் டீச்சர் வீடு’.

பணம் கொடுப்பவர் ஒருவர், நன்றி சேர வேண்டியவர் இன்னொருவர் என்பது அடிக்கடி நடக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவார். அனுப்பச் சொன்னது இங்கே இருக்கும் அம்மா. ரசீது மகன் பெயரில்தான் போக வேண்டும், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பணம் கொடுத்தவருக்கு உரியது. 2021-22 நிதியாண்டிலிருந்து யார் எவ்வளவு கொடுத்தார் என்று அவரவர் அடையாள எண்ணுடன் வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்கிறோம், அதில் விளையாட முடியாது. ஆனால் அம்மாவுக்கு ஒரு வரிகூடப் போகாமல் இருந்தால் அது பெரிய குறை. ஒருவர் கொடுத்த தொகையைக் காரணமாக இருந்த இன்னொருவர் பக்கத்திலும் காட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறது; மொத்த வரவில் அந்தத் தொகை இரண்டு முறை சேராது. இப்போது ரசீது பெங்களூருக்கு மின்னஞ்சலில் போகிறது, கையால் எழுதிய அஞ்சலட்டை அம்மாவுக்குப் போகிறது.

திதிக்குத் தேதிக் கட்டம் உதவாது. ஆவணி தேய்பிறை தசமி என்றால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதனால் மாதம், பிறை, திதி மூன்றுக்கும் தனிக் கட்டங்கள் வைத்தேன். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஆண்டுத் தேதிகளை ஏற்றிவிடுவேன். சதாபிஷேகம் போன்றவற்றுக்கு நட்சத்திரத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

எழுதக் கூடாதவையும் உண்டு. சாதிக்கு எங்கள் தரவில் கட்டம் இல்லை, இருக்கவும் விடமாட்டேன். துக்க வீட்டில் காதில் விழுந்ததை எழுதுவதில்லை. ‘சித்தப்பா பேச்சை எடுக்கக்கூடாது’ என்ற குறிப்பை மட்டும் ஏற்றினேன். காரணம் கணக்கு ஐயாவுக்குத் தெரியும், எனக்கு வேண்டாம். எந்த உறவையும் அவரிடமே கேட்டு, அவர் சொன்ன சொல்லில்தான் பதிகிறேன். மேலே சொன்னவற்றை எழுதவும் உரியவர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து மீனவர் ஒருவர் வந்து நூறு ரூபாய் கொடுத்தார். எங்கள் மாலை வகுப்பில் பாடம் எடுக்கும் அம்மாவின் பெயரில் வரவு வைக்கச் சொன்னார். சுனாமியன்று இவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்த அம்மா. “என்ன உறவு என்று போடட்டும், அண்ணே?” என்று கேட்டேன். “கூடப் பிறக்காத தங்கை” என்றார். அப்படியே ஒரு வகை திறந்து இவர் பக்கத்தை எழுதிவிட்டேன். மறுபக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும். அது காலியாக இருக்கிறது. அந்த அம்மா வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வருவார். கேட்டு எழுத வேண்டும்.